கும்மிடிப்பூண்டிக்கு மேல் மேகம் இல்லை

ஹெலனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் அவள் தெருவில் ஒருவரும் கிடையாது. பல்லி கத்தினால் பயம். பால்காரர் மணியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் பயம். பஸ்ஸில் கண்டக்டர் ‘எங்கம்மா போவணும்’ என்று குரலை உயர்த்தினால், போகவேண்டிய ஊர்ப்பெயரே மறந்துபோகும். இடி என்றால் கேட்கவே வேண்டாம். கட்டிலுக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். சின்னப் பிள்ளையில் அப்படி என்றால் சரி, பாலிடெக்னிக் முடித்துச் சம்பளம் வாங்குகிற வயதிலும் அதே கட்டில், அதே காதுப்பொத்தல்தான். அப்படிப்பட்டவளுக்கு, பறக்கிற விமானங்களுக்கு மேகப்படம் அனுப்புகிற வேலை கிடைத்தது. மேலே இருப்பவருக்கும் சில நேரம் வேடிக்கை பார்க்கத் தோன்றும் போலிருக்கிறது.

ஆனால் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தெருவில் பயம் என்பது ஹெலன் கண்டுபிடித்த சரக்கு இல்லை. அவள் அப்பா ஆசீர்வாதம் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பைக் கம்பியாக உருட்டுகிற ஒரு ஆலையில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா யாருடைய வயலில் கூலிக்கு நாற்று நட்டாரோ, அந்த வயலின் மேல்தான் ஆலையே நின்றது. ஆலைச் சங்கு காலையில் ஊதும், மதியம் ஊதும், சாயங்காலம் ஊதும். அந்த நேரங்களில் ஊதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நேரம் தவறி ஊதினால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போது தெருவிலுள்ள பெண்கள் எல்லாரும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஹெலனின் அம்மா ரோசம்மாள் அழமாட்டாள், மாதாவைக்கூடக் கூப்பிடமாட்டாள். மகளின் கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். எலும்பு வலிக்கிற பிடி அது. ஹெலன் பயத்தைக் கற்றுக்கொண்டது அந்தக் கையிலிருந்துதான்.

அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அந்தச் சங்கு அவர்கள் வீட்டுக்காகவே ஊதியது. கிரேன் சங்கிலி அறுந்து இரும்புக் கட்டு விழுந்ததில், ஆசீர்வாதத்தின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவரை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை என்றார்கள். டீக்கடையிலும் வீட்டு வாசலிலும் யார் கிடைத்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்வார்.

“செயின் மேல தகடு தொங்கிக்கினு இருந்துச்சிபா. அன்னிக்கித் தேதி போட்டு, செக் பண்ணியாச்சின்னு எழுதியும் கீது. தேதிய மாத்தினவன் செயினத் தலநிமிந்து பாக்கவே இல்ல!”

முதல் வருஷம் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அடுத்த வருஷம் டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டு நழுவினார்கள். சொன்னால் வெட்கம், ஹெலனுக்கே அந்தக் கதை சலித்துப்போயிருந்தது. ‘திரும்பவும் ஆரம்பிச்சிட்டாருமா’ என்று அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு வேலை கொடுத்த அலுவலகம், சிப்காட்டின் உள்சாலையில் ஒரு பெயிண்ட் குடோனுக்கு மேலே தகரக் கூரை போட்ட மாடியில் இருந்தது. முதலாளி சென்னையில் இருந்தார். இங்கே வாடகை குறைவு, ஆளும் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் என்று இங்கே வைத்திருந்தார். தனியார் வாடகை விமானங்களும் சரக்கு ஏற்றுகிற சிறு விமானங்களும்தான் வாடிக்கையாளர்கள். வானிலைப் படங்கள் செயற்கைக்கோள் வழியாகக் கூரைமேல் உள்ள டிஷ்ஷில் வந்து இறங்கும். அதிலிருந்து விமானம் போகிற வழியை மட்டும் வெட்டியெடுக்கவேண்டும். வண்ணங்களைக் குறைத்துப் படத்தை ஒல்லியாக்கவேண்டும். கனமான படம் சீக்கிரம் போய்ச் சேராது. பச்சை என்றால் லேசான மழை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. கடைசியாகப் படத்தின் மூலையில் நேரத்தைப் போட்டு, டெலிபோன் கேபிள் வழியாக அனுப்பவேண்டும். அது டேட்டா லிங்க் என்கிற கம்பியில்லாத வழியில் ஏறி, பறந்துகொண்டிருக்கிற விமானத்தில் விமானியின் முன்னாலுள்ள சின்னத் திரையில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் இங்கே ஹெலனின் கம்ப்யூட்டரில் ‘சேர்ந்தது’ என்று பச்சை எழுத்து வரும்.

முதல் தடவை அந்தப் பச்சை எழுத்து வந்தபோது ஹெலனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் வெட்டி ஒட்டிய படத்தை யாரோ ஒருவர் மேகத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கிறார் என்ற நினைப்பே அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நாஷ்டாவும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. கூட வேலை பார்த்த நாஜியா விழுந்து விழுந்து சிரித்தாள். நாஜியா பழவேற்காட்டுக்காரி. அவள் வாப்பா மொஹசினுக்கு அங்கே இறால் வியாபாரம். அவளுக்குக் காற்றும் மழையும் தினப்படிப் பேச்சு.

“இன்னாடி இது, நீ என்னமோ ஃபிளைட்ட ஓட்டற மாரி நடுங்கிக்கினு கீற? படம் அனுப்பறோம், அவ்ளோதான.”

அந்த அலுவலகத்தில் ஒரு கோளாறு இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும், யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். கும்மிடிப்பூண்டியில் கனமழை பிடித்தால் டிஷ்ஷில் படம் வராது. மழை விட்டால்தான் வரும். அதாவது, மழை வந்தால் மழையின் படம் வராது. அதைச் சரிசெய்ய வேறு வழியில் இன்னொரு இணைப்பு வாங்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி ‘அடுத்த வருஷம்’ என்றார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னார்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் மழையில் டிஷ் படுத்துக்கொண்டது. ஹெலன் பதறிப்போய் நாஜியாவைப் பார்த்தாள்.

“கடசியா வந்த படம் கீது இல்ல? அதுக்குப் பவுடர் போட்டு அனுப்புடி,” என்றாள் நாஜியா.

“பவுடரா?”

“பழைய மூஞ்சிக்குப் பவுடர் போட்டா புது மூஞ்சி. மூலைல நேரத்த மட்டும் மாத்து. அரை மணி நேரத்துல மேகம் இன்னா ஆந்திராவுக்கா ஓடிடப் போவுது?”

ஹெலனுக்கு மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசர் துளசிராமனிடம் போய் நின்றாள். துளசிராமன் கெட்ட மனிதர் இல்லை. ஆபீஸ் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு கொடுப்பார், பண்டிகைக்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பார். முதலாளியிடம் மட்டும் அவருக்கு வாய் திறக்காது.

“பழைய படம்னு மூலைல எழுதி அனுப்பலாமா சார்?”

“எழுதினா அவன் நம்மகிட்ட ஏம்மா வாங்கப் போறான்? காலியா அனுப்பினா கம்ப்ளெயின்ட் வரும். பழசு போனா ஒருத்தரும் கேக்கறதில்ல. ஃபிளைட்டு மூக்குலயே ரேடார் கீதும்மா, முன்னால கீற மழைய அதுவே காட்டும். நம்ம படம் சும்மா ஒரு ஒத்தாச.”

அதோடு பேச்சு முடிந்தது. ஹெலன் பவுடர் போட்டாள். முதல் தடவை நேரத்தை அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தாள். அடுத்தடுத்த மழைகளில் கை பழகிவிட்டது. பயந்தவர்கள் எல்லாரும் ஜாக்கிரதைக்காரர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பொய். பயந்தவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். யார் கடைசியாக அதட்டினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பார்கள். ஹெலன் நல்ல பெண்தான், ஆனால் அவளும் அப்படித்தான் இருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். கடலில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. தெற்கே எங்கோ கரையேறும் என்று டிவியில் சொன்னார்கள். வடக்கே இங்கேயும் விடியற்காலையிலிருந்தே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டு பஸ் ஓடாததால் நாஜியா வரவில்லை. ஹெலன் வந்தாள். வராவிட்டால் துளசிராமன் சார் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இடியைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மாதாவே மாதாவே என்று நடந்து வந்து சேர்ந்தாள்.

வந்து உட்கார்ந்தபோது மழை சற்று விட்டு வானம் வெளுத்திருந்தது, டிஷ்ஷில் ஒரு படம் வந்தது. அதுதான் அன்றைய கடைசிப் படம். அதற்குப் பிறகு மறுபடியும் மழை பிடித்து வலுத்து, டிஷ் செத்துவிட்டது. கரண்டும் போய் ஜெனரேட்டர் ஓடியது. வழக்கமாக ஒரு மழை அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அன்றைக்கு அப்படிப் பிடித்த மழை விடவே இல்லை. கேட்ட விமானங்களுக்கெல்லாம் அந்த ஒரே படம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஹெலன் மூலையில் புது நேரத்தைப் போட்டாள். மேகம் காலையிலேயே நின்றது, நேரம் மட்டும் மதியத்தைத் தாண்டி ஓடியது.

“ஜெனரேட்டர்ல டீசல் தீந்துடும் போலக் கீது. நா பங்க்கு வரைக்கும் போய் வாங்கினு வந்துடறேன். நீ பாத்துக்கோம்மா,” என்று சொல்லிவிட்டு, துளசிராமன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கேனோடு பைக்கில் கிளம்பினார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு விமானத்திலிருந்து எழுத்து வந்தது. டேட்டா லிங்க்கில் விமானிகள் இங்கிலீஷில் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வருகிற சிறிய வாடகை விமானம். ‘எங்கள் ரேடார் வேலை செய்யவில்லை. உடனே படம் அனுப்புங்கள்’ என்று இருந்தது.

ஹெலன் அதை வாசித்தாள். வாசித்தது மூளைக்குப் போகுமுன் கை வேலையை முடித்துவிட்டது. படத்தை எடுத்தாள், கடலோர வழியை வெட்டினாள், வண்ணத்தைக் குறைத்தாள், நேரத்தைப் போட்டாள், அனுப்பினாள். ‘சேர்ந்தது’ என்று பச்சை எழுத்து வந்தது.

சற்று நேரத்தில் பதில் வந்தது. ‘நன்றி. சென்னைக்கு வடக்கே கடலோரம் வழி திறந்திருக்கிறது. அதன் வழியாக இறங்கி வருகிறோம்.’

அந்த நேரம் பார்த்து ஒரு இடி இடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. ஹெலன் நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். காதைப் பொத்தினாள். பொத்திய கைகளையும் தாண்டி மழை கூரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. கல்லைக் கொட்டுவதுபோல் இருந்தது. அடுத்த இடிக்குக் காத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அங்கேயே கிடந்தாள்.

மேசைக்கடியில் வைத்துத்தான் அவளுக்கு உறைத்தது. சென்னைக்கு வடக்கே, கடலோரம், வழி திறந்திருக்கிறது. அது எந்த இடம்?

ஊர்ந்து வெளியே வந்து திரையைப் பார்த்தாள். படத்தில் இரண்டு பெரிய சிவப்புத் திட்டுகள் இருந்தன. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே ஆந்திரப் பக்கம். நடுவில் கறுப்பாக, சுத்தமாக, ஒரு சந்து. அங்கே மேகமே இல்லை. அந்தச் சந்துக்கு நேர் கீழே எந்த ஊர் இருக்கிறது என்று பார்க்க வரைபடம் தேவையில்லை. அவள் அந்த ஊரில்தான் உட்கார்ந்திருந்தாள். படத்தில் கும்மிடிப்பூண்டிக்கு மேல் மேகம் இல்லை. தலைக்கு மேலே கூரை பிய்ந்துபோகிற மாதிரி மழை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர்கூடத் தெரியவில்லை.

ரேடார் இல்லாத விமானம் அவள் போட்ட நேரத்தை நம்பி அவள் தலைக்கு மேலேயே வந்துகொண்டிருந்தது.

ஹெலன் போனை எடுத்துத் துளசிராமனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

“சார், ஒரு ஃபிளைட்டு நம்ம ஊரு மேல வருது சார். நா பவுடர் போட்டு அனுப்பிட்டேன். இங்க மேகமே இல்லன்னு நெனச்சிக்கினு வராங்க.”

“வந்தா வரட்டும்மா. மூக்குல ரேடார்—”

“ரேடார் வேல செய்யலயாம் சார். எழுதி அனுப்பிக்கீறாங்க. பழைய படம்னு நா சொல்லிடட்டுமா சார்?”

துளசிராமனின் குரல் மாறியது.

“ஏய், எழுத்துல கிழுத்துல குடுத்துடாதம்மா. குடுத்தா நம்ம கத அதோட முடிஞ்சிச்சி. ஆபீஸையே இழுத்து மூடிடுவாங்க. உன்ன மட்டுமில்ல, என்னையும் உள்ள வெச்சிடுவாங்க. மீனம்பாக்கத்துல கீறவங்க பாத்துப்பாங்க. நா வர்ற வரைக்கும் கீபோர்டுல கைய வெக்காத. புரிதா?”

“சரி சார்,” என்றாள் ஹெலன்.

சரி சார் என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவால் இனி எந்த வேலைக்கும் போகமுடியாது. அம்மா மறுபடியும் வயல்வேலை தேடிப் போகவேண்டும், ஆனால் வயல் எங்கே இருக்கிறது? போலீஸ் என்ற வார்த்தை வேறு தலைக்குள் சுற்றியது. அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடப் பயமாக இருந்தது.

விமானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன விமானம் என்று மட்டும் தெரியும். யாராவது குழந்தையை மடியில் வைத்திருப்பார்களோ, அந்தக் குழந்தையின் கையை யாராவது இறுக்கிப் பிடித்திருப்பார்களோ என்று நினைப்பு ஓடியது. வேண்டாம் என்று தலையை உதறினாள். உதறியும் போகவில்லை.

திரையில் படம் அப்படியே இருந்தது. அவள் பார்வை மூலைக்குப் போனது. அங்கே அவள் கையால் போட்ட நேரம் பளிச்சென்று இருந்தது. மேகம் காலையில் எடுத்தது, நேரம் இப்போது போட்டது. டீக்கடையில் அப்பா போடுகிற கூச்சல் அவள் காதில் விழுந்தது. தேதிய மாத்தினவன் செயினத் தலநிமிந்து பாக்கவே இல்ல. இத்தனை வருஷம் சலித்துப்போய் உள்ளே எழுந்து போனாளே, அந்தக் கதையில் வருகிற ஆள் தான்தான் என்று ஹெலனுக்கு அப்போது புரிந்தது. அப்பாவின் விரல்களைத் தானே எடுத்ததுபோல் இருந்தது. அந்தப் பயத்துக்கு முன்னால் மற்ற பயமெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கீபோர்டை இழுத்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அது சரியா தப்பா என்று பார்க்காமல், தட்டினாள். ‘அனுப்பிய படம் பழையது. காலையில் எடுத்தது. நேரத்தை நாங்கள் மாற்றினோம். நீங்கள் சொல்கிற வழி திறந்திருக்கவில்லை. நான் அதன் கீழே இருக்கிறேன். கனமழை, இடி. அந்த வழியாக வரவேண்டாம்.’

அனுப்பினாள். ‘சேரவில்லை’ என்று சிவப்பு எழுத்து வந்தது.

மறுபடியும் அனுப்பினாள். சேரவில்லை. கீழே ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது, விளக்கு மங்கி மங்கி எரிந்தது. இன்னொரு தடவை அனுப்பினாள். வெளியே மின்னல் அடித்து அறை முழுக்க வெள்ளையாயிற்று. அடுத்து இடி வரும் என்று தெரிந்தும் அவள் மேசைக்கடியில் போகவில்லை. போனால் திரை தெரியாது. இடி இடித்தது, நாற்காலியோடு துள்ளினாள், விரலை மட்டும் எடுக்கவில்லை. சேரவில்லை. மறுபடியும். சேரவில்லை. மறுபடியும்.

‘சேர்ந்தது.’

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சேர்ந்தது என்றால் திரையில் போய் உட்கார்ந்தது என்று அர்த்தம், வாசித்தார்கள் என்று அர்த்தமில்லை. ஹெலன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தத்துக்குள்ளே விமானச் சத்தம் கேட்கிறதா என்று தேடினாள். ஒரு தடவை கேட்டதுபோல் இருந்தது. அப்படியே உறைந்துபோனாள். அது நெடுஞ்சாலையில் போன லாரி. மாதாவே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்கு இந்த ஒரு தடவை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

துளசிராமன் தொப்பலாக நனைந்து, டீசல் கேனோடு படியேறி வந்தார். வந்தவர் திரையைப் பார்த்தார். அவள் அனுப்பிய எழுத்து அதில் இருந்தது. வாசித்துவிட்டுக் கேனைத் தொப்பென்று தரையில் வைத்தார்.

“சொன்னேன் இல்ல? கைய வெக்காதன்னு சொன்னேனா இல்லயா? நேரத்த நாங்க மாத்தினோம்னு நீயே எழுதிக் குடுத்துக்கீற! அறிவு கீதா உனுக்கு? எனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீதும்மா!”

அவர் கத்தக் கத்த, ஹெலன் அவருடைய கையைப் பார்த்தாள். அது தன் கையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் யாரைப் பார்த்துப் பயந்தாளோ அந்த மனிதரும் தன்னைப்போலவே பயந்துகொண்டு காலம் தள்ளியவர்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை. பயந்தவர்கள் மட்டுமே உட்கார்ந்து வேலை பார்க்கிற இடமா இது என்று இன்னும் திகிலாக இருந்தது.

“பதில் வந்துச்சா?” என்றார் அவர், குரலை இறக்கி.

“இல்ல சார்.”

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். கீழே போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. விளக்கு ஒரு தடவை அணைந்து மறுபடியும் எரிந்தது.

பதில் வந்தபோது ஹெலன்தான் முதலில் பார்த்தாள்.

‘திரும்பிவிட்டோம். விசாகப்பட்டினத்துக்கே போகிறோம். எரிபொருள் போதும். எல்லாரும் நலம்.’

துளசிராமன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். மூடிய கைக்குள்ளிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஹெலன் பெரிதாக அழுதுவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

“பாத்தியா, ஒண்ணும் ஆவல,” என்றார் துளசிராமன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஒண்ணும் ஆவல இல்ல? விடு. மொதலாளிகிட்ட நா பேசிக்கறேன். மழையில மிஸ்டேக் ஆயிடிச்சின்னு சொல்லிக்கலாம். இன்னிக்கி ஒரு நாளு மட்டும்தான்னு—”

அவர் முடிக்கவில்லை. திரையில் இன்னொரு எழுத்து வந்து விழுந்தது. அதே விமானி.

‘இதற்கு முன் அனுப்பிய படங்களில் பழையவை எவை?’

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. துளசிராமன் அந்த எழுத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“இல்லன்னு போடு,” என்றார் துளசிராமன். “இன்னிக்கி மட்டும்தான், முன்னாடி எதுவும் இல்லன்னு போடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?”

ஹெலன் யோசித்தாள். சேர்ந்ததிலிருந்து வந்த மழைகளை யோசித்தாள். சித்திரையில் வந்த திடீர் மழை, ஆடியில் சாயங்காலங்களில் பெய்தது, ஐப்பசி முழுக்கப் பெய்தது. நாஜியா போட்ட பவுடர், தான் போட்ட பவுடர். ஒவ்வொன்றுக்கும் ‘சேர்ந்தது’ என்று பச்சை எழுத்து வந்தது. அவற்றில் எந்தெந்த விமானம் எந்தச் சந்தில் நுழைந்தது, உள்ளே போய் என்ன பாடுபட்டது, யார் யாருடைய கையை இறுக்கிப் பிடித்தார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் நல்லபடியாகப் போயிற்று என்று இருந்துவிட்டார்கள். புகார் சொல்ல ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

“ஹெலன், சொல்றத கேளும்மா,” என்றார் துளசிராமன். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும்.

அவள் இந்தத் தடவை சரி சார் என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டினாள்.

‘இங்கே மழை பெய்த நாள்களில் எல்லாம்.’

முதல் தடவையிலேயே சேர்ந்தது.

பொங்கலுக்கு முன்னால் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து கேட்டார்கள், ஹெலன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவளை யாரும் உள்ளே வைக்கவில்லை. நாஜியா கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டு, பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். ஹெலன் இப்போது பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறாள். ஆசீர்வாதம் இன்னமும் டீக்கடையிலும் வீட்டு வாசலிலும் அந்தக் கதையைச் சொல்கிறார். மகள் ஒரு தடவைகூட எழுந்து போவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்கிறாள்.

ஒரு மாற்றம் மட்டும் தெருவில் எல்லாரும் கவனித்திருக்கிறார்கள். மழை வந்தால் ஹெலன் கட்டிலுக்கடியில் போவதில்லை. இடி இடித்தாலும் வாசலுக்கு வந்து நின்று, நனைந்துகொண்டே வானத்தை அண்ணாந்து பார்க்கிறாள். ஹெலனுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ரோசம்மாளுக்குத்தான் விஷயம் தெரியும். குடையோடு மகள் பக்கத்தில் போய் நிற்கும்போது ஹெலன் பார்வையை இறக்காமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ரோசம்மாளுக்கு எலும்பு வலிக்கிறது.